சீசர் அழுகிறார்

ஏலே பேராண்டி, நேத்து ராத்திரி நீ போனை வச்சதுல இருந்து எனக்குச் சிரிப்பாணி அடங்கல. "தாத்தா, சீசர் எங்களப் பழி வாங்குறான்"னு சொன்னியே, அத அப்படியே ஒன் அப்பத்தாகிட்டச் சொன்னேன். அவ வெத்தலைய மென்னுக்கிட்டே, "மூணு மாசக் குட்டி பழி வாங்குற அளவுக்கு நம்ம பேரன் அப்படி என்ன கொடுமை பண்ணிப்புட்டான்?"னு கேக்குறா. பதில் சொல்ல முடியுதா என்னால?

சோபாவுக்கு ரெண்டு கையும் போச்சு. வாசக்கதவு நிலையெல்லாம் பிறாண்டிக் கெடக்கு. கீழ்வீட்டுக்காரர் அசோசியேசன்ல எழுதியே குடுத்துட்டாரு. நீ ஆபீசு மீட்டிங்ல உக்காந்து மேசைக்கடியில போன ஒளிச்சு வச்சுக்கிட்டு, காமிராவுல அது ஊளையிடுறதப் பாத்துக் கண்கலங்குற. கேட்டா நாய்க்குப் பிரிவு தாங்கலைங்குற. நாய்க்கு மட்டுமாடா?

பேரு வச்சதாவது அடக்கமா வச்சியா? சீசராம். ரோமாபுரி ராசா பேரு. ஒம் பொண்டாட்டி குளிக்கப் போயித் தாழ்ப்பாளப் போட்டா, கதவிடுக்குல மூக்க விட்டுக்கிட்டு மொனங்குறாரு சீசரு.

நம்ம பக்கத்துச் சங்கதியையும் நெனச்சுப் பாக்குறேன். தபால் இலாகா 2005ல நாலு சாதி இந்திய நாய்க்குத் தபால்தலை போட்டுச்சே, அதுல ஒண்ணு நம்ம ராசபாளையத்து வெள்ளை நாய். 2020ல பிரதமரு ரேடியோவுல ராசபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பைன்னு ஒவ்வொரு பேராச் சொல்லிப் பெருமைப்பட்டாரு. இம்புட்டும் ஒன் வீட்டுக் கொல்லையிலயே கெடக்க, நீ ஜெர்மன்காரன் காட்டுப்பன்னி வேட்டைக்குன்னு வளத்த க்ரேட் டேன் குட்டியத் தேடிப்பிடிச்சு வாங்கி, ஓஎம்ஆர்ல நாலாவது மாடிக்கு லிப்டுல ஏத்தியிருக்க. சரிதான், சாப்ட்வேர் கம்பெனிப் பக்கம் காட்டுப்பன்னித் தொந்தரவு அதிகமா இருக்குமோ என்னமோ.

நாயக் குத்தம் சொல்லலடா. நல்ல சாதி. ஆம்பள நாய்க்குத் தோள் உயரம் மட்டும் 76 சென்டிமீட்டருக்குக் கொறையாது, எடை 60 கிலோவுல இருந்து 80 கிலோ வரைக்கும் போகும். அம்புட்டு ஒடம்பையும் தூக்கிக்கிட்டு வந்து மடியில உக்காரணும்னு நிக்கும். மனுசவாடை இல்லாம இருக்கச் சகிக்காது. நீ சின்ன வயசுல பாப்பியே ஸ்கூபி டூன்னு பொம்மைப்படம், அது க்ரேட் டேன்தான். சன்னல் ஆடுனாலே எசமானன் தோள்ல ஏறிக்கும். அத வருசக்கணக்காப் பாத்துச் சிரிச்சிட்டு, இப்ப வீட்டுல ஒண்ண வாங்கி வச்சுக்கிட்டு, "தாத்தா, இது பயப்படுது"ங்குற. படத்துல ஒனக்கு என்னடா வெளங்குச்சு?

இனி நடந்ததக் கேளு. நானே சொல்றேன், நீ சொல்ல மாட்ட. குட்டி வந்த அன்னிக்கு ரெண்டு பேரும் லீவு போட்டீக. ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இடுப்புலயே வச்சிருந்தீக. தூக்கம் ஒங்க கட்டில்ல. கக்கூசுக்குப் போனாலும் கூடவே வந்துச்சு, அத வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டீக. நானும் ஹார்ட்டு போட்டேன், இல்லைங்கல. பொறகு ஒரு திங்கக்கெழமை காலையில ரெண்டு பேரும் குளிச்சு, சென்ட் அடிச்சு, பைய மாட்டிக்கிட்டு, கதவச் சாத்திட்டுப் போனீக. பொழுது அடையத்தான் வந்தீக.

அந்தக் குட்டி எடத்துல இருந்து ரோசன பண்ணிப் பாரு. பொறந்ததுல இருந்து அது தனியா இருந்ததே கெடையாது. ஆத்தா வயித்துச் சூட்டுல, கூடப்பொறந்த ஏழெட்டு உருப்படிக்கு நடுவுல, ஒண்ணு மேல ஒண்ணாப் படுத்துக் கெடந்துச்சு. அங்கருந்து நேரா ஒங்க கட்டிலு. ஒரு நாள் திடுதிப்புன்னு வெறும் டைல்ஸ் தரை, பூட்டுன கதவு, மேல ஓடுற ஃபேன் சத்தம். நீங்க ஆபீசுக்குப் போயிருக்கீகன்னு அதுக்கு என்ன தெரியும்? போனவுக திரும்பி வருவாகங்கிற சேதிய யாரும் அதுக்குச் சொல்லிக் குடுக்கல. போயிட்டாக, அம்புட்டுத்தான், முடிஞ்சதுன்னு நெனைக்குது. ஊளையிடாம என்ன பண்ணும், பாட்டா பாடும்?

நம்ம தெருவுல நாய் எதாவது இப்படி ஆளுக்காக ஏங்கி அழுது பாத்திருக்கியா? பாத்திருக்க மாட்ட. நம்ம நாய்க்கெல்லாம் மனசு கெட்டின்னு நெனச்சுக்கிராத. அதத் தனியா விட்டுட்டுப் போக நமக்கு வசதியில்ல, அதான் சங்கதி. வீட்டுல நாலு பேரு வெளிய போனா ஒரு கெழடு திண்ணையில கெடக்கும். கெழடு கண்ண மூடிட்டாலும் தொழுவத்துல மாடு நிக்கும், முத்தத்துல கோழி மேயும், கீரைக்காரி வருவா, போஸ்ட்மேன் வருவான், அவன வெரட்டுற சோலி ஒண்ணு இருக்கு. எசமானன் பொழுதன்னைக்கும் போவான் வருவான். வெளிக்குப் போயிட்டு வருவான், டீக்கடைக்குப் போயிட்டு வருவான், தண்ணி பாய்ச்சப் போயிட்டு வருவான். ஒரு நாளைக்கு இருபது தடவை போயி இருபது தடவையும் வந்தவன் இருபத்தோராவது தடவையும் வருவான்னு நாய்க்குத் தெரிஞ்சுபோகுது. ஒங்க சீசருக்கு அந்தப் பாடம்தான் பாக்கி. மூணு வாரத்துல இருந்து பதினாலு வாரம் வரைக்கும் குட்டி எதப் பாக்குதோ அதச் சாதாரணம்னு எடுத்துக்கிருமாம். நாமக்கல்லுல கால்நடை டாக்டருக்குப் படிக்கிறாளே ஒன் அத்தை மக, அவ சொன்னா. அந்த நாள்ல ஒங்க கட்டிலத்தான் அது சாதாரணம்னு படிச்சு வச்சிருக்கு.

முதல்ல காமிராவ ஒழுங்காப் பாக்கப் பழகு. பாத்து அழுகிறதுக்கா மாசாமாசம் பணம் கட்டுற? கடிச்சதெல்லாம் துக்கத்துல கடிச்சதுன்னு வச்சுக்கிராத. நாலாவது மாசத்துல பால்பல் விழுந்து வேற பல்லு மொளைக்கும். ஈறு ஊறும், கண்டதையும் கடிக்கும். அதுக்கு அழுகை கெடையாது, சந்தோசமா மென்னுக்கிட்டுக் கெடக்கும். பொழுது போகலைன்னாலும் கடிக்கும், ஆனா ஒரு தூக்கம் போட்டு எந்திரிச்சு நிதானமாக் கடிக்கும். ஒண்ணுக்கு விடுறதையும் அதுமேல சாட்டாத. மூணு மாசக் குட்டியால மிஞ்சிப் போனா நாலு மணி நேரம் அடக்க முடியும். ஒம்பது மணி நேரம் பூட்டி வச்சா அது விடத்தான் செய்யும், நீயா இருந்தாலும் விட்டிருப்ப.

நெசமான பயம்னா அடையாளம் வேற. நீ கதவச் சாத்துன அரை மணி நேரத்துக்குள்ளயே ஆரம்பிச்சிரும். கடிக்கிறதும் பிறாண்டுறதும் நீ போன கதவுலயும் சன்னல்லயுமா இருக்கும். இங்கிட்டும் அங்கிட்டும் நடந்துக்கிட்டே இருக்கும், வாயில எச்சி ஒழுகும், மூச்சு வாங்கும், எதுக்கப் பிரியாணியே வச்சாலும் மோந்துகூடப் பாக்காது. நீ அனுப்புன வீடியோவுல சீசரு அதத்தான் பண்ணுறாரு. அதனால ஒன் நாய்க்கு நெசமாவே கஷ்டம் இருக்கு, அதுல நான் கேலி பண்ணல. கேலியெல்லாம் ஒனக்குத்தான்.

"வீட்டுக்குள்ள நொழைஞ்சதும் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குறான் தாத்தா, செஞ்ச தப்பு அவனுக்கே தெரியுது"ன்னு சொன்ன பாரு, அங்கதான்டா நீ படிச்ச படிப்ப எடை போட்டேன். அமெரிக்காவுல அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்சுன்னு ஒரு அம்மா 2009லயே இதச் சோதிச்சு எழுதிருச்சு. தப்பே செய்யாத நாயத் திட்டுனாலும் அதே மூஞ்சியத்தான் காட்டுது. தப்பு செஞ்ச நாயத் திட்டாம விட்டா அந்த மூஞ்சி அம்புட்டா வரல. நீ நொழையுறப்ப ஒன் மூஞ்சி போற போக்கப் பாத்து அது நடுங்குது, அம்புட்டுத்தான். நீ அத வாக்குமூலம்னு எழுதிக்கிட்ட. கழிஞ்சுபோன சங்கதிக்கு நாய அடிச்சா, "இவன் போனாலும் பயம், வந்தாலும் பயம்"னு ரெண்டாவது பாடமும் படிச்சுக்கிரும்.

அப்ப என்ன பண்ணங்குறியா? கன்னுக்குட்டிய வண்டிக்குப் பழக்குறப்ப முதல் நாளே பருத்தி மூட்டைய ஏத்துவமா? வெறும் நுகத்தடிய வச்சு முத்தத்தச் சுத்தி வந்து அவுத்துருவோம். தனிமையும் பாரம்தான், கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்தணும்.

வீட்டுக்குள்ளயே ஆரம்பி. ஒரு பாய் விரி. அதுதான் சீசர் அரியணை. அங்கன படுத்தா வாய்க்கு எதாவது கெடைக்கணும். நீ நாலடி தள்ளி உக்காரு. பொறகு அடுக்களைக்குப் போயிட்டு வா. கொழந்தைக்கு வைப்பாகளே சின்னத் தடுப்புக்கதவு, அத அறை வாசல்ல மாட்டு. நீ அந்தப் பக்கம், அவரு இந்தப் பக்கம், ஆனா ஒன் மூஞ்சி தெரியணும். கக்கூசுக்குப் போறப்ப ராசாவக் கூட்டிட்டுப் போற வழக்கத்த இன்னியோட விடு. அங்க அவருக்கு ஒரு சோலியும் இல்ல.

அடுத்து சாவிக்கொத்து. நீ சாவியத் தூக்குனாலே அதுக்கு வயித்தக் கலக்குது. ஷூ மாட்டுனா நாக்கு வறளுது. பைய எடுத்தா முடிஞ்சது கதை. அதனால ஞாயித்துக்கெழமை சும்மா உக்காந்திருக்குறப்ப சாவிய எடு, எடுத்து வச்சுட்டு டிவி பாரு. ஷூவ மாட்டிக்கிட்டு அடுப்படியில போயி வெங்காயம் உரி. ஒம் பொண்டாட்டி சிரிப்பா, சிரிக்கட்டும், அந்தத் தாயி சிரிச்சு நாளாச்சு. சாவிக்கும் போறதுக்கும் உள்ள முடிச்சு அவுந்து போற வரைக்கும் இந்தக் கோமாளித்தனத்த விடாத.

பொறகுதான் வாசல். வெளிய போயிக் கதவச் சாத்து, எண்ணி அஞ்சு வினாடி, உள்ள வா. அடுத்தாப்ல பத்து. பொறகு அரை நிமிசம். நடுவுல அஞ்சு வினாடிக்கு எறங்கி வா, எப்பவும் ஏறுமுகமாவே போனா நாய் கணக்கக் கண்டுபிடிச்சிரும். அது அழ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ திரும்பிரணும், இதுதான் முக்கியம். அழுதுருச்சுன்னா நீ அளவு மீறிட்ட. மறுநாள் கொறச்சுக்கோ. போறப்பவும் வர்றப்பவும் சினிமாவுல பட்டாளத்துக்குப் போறவன் மாதிரி கட்டிப்பிடிச்சு ஒப்பாரி வைக்காத. "போயிட்டு வர்றேன்டா"ன்னு ஒரு வார்த்தை, நட.

இது ஒரு வாரத்துல முடியுற சோலி இல்லடா. மாசக்கணக்காகும். மொதல் அரை மணி நேரத்தத் தாண்டுறதுதான் பெரும்பாடு, அதத் தாண்டிட்டா அப்பறம் நேரம் வேகமாக் கூடும். நீ பட்டணத்துக்குக் கெளம்புனப்ப மட்டும் எங்கள யாரு இப்படி அஞ்சு வினாடி, பத்து வினாடின்னு பழக்குனா? அப்பயும் நான் கதவப் பிறாண்டல, ஒன் அப்பத்தா சோபாவக் கடிக்கல. நம்ம வீட்டுல சோபா இல்லங்கிறது வேற விசயம்.

தீனி விசயத்துல நீ கெட்டிக்காரன்னு நெனச்சுக்கிட்டு எதையாவது பண்ணி வச்சிராத. ரப்பர்ல குழி வச்ச பொம்மை விக்கிறான் பாரு, அதுக்குள்ள உப்பு, தாளிப்பு இல்லாத தயிர்ச்சோத்தத் திணிச்சு ஃப்ரீசர்ல வை. கெளம்புறப்ப அதக் குடு. நக்கி நக்கி எடுக்க அரை மணி நேரம் ஆகும், நக்குறதுல நாய்க்கு மனசு அடங்கும். நீ போறதுக்கும் நல்ல தீனிக்கும் ஒரு சம்பந்தம் உண்டாகும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் கண்ணுலயே காட்டாத, அதுக்கு வெசம். வேகவச்ச எலும்பும் கூடாது, செதறிக் கொடலக் கிழிக்கும்.

பெரிய சாதிங்கிறதால ரெண்டு சங்கதி கூட. ஒண்ணு, அசந்து தூங்கட்டும்னு மூணு மாசக் குட்டிய இழுத்துக்கிட்டு மெரினா வரைக்கும் ஓடாத. அதுக்கு எலும்பு முத்த ஒண்ணரை வருசம் ஆகும். மாடிப்படியில குதிக்க விடாத, வழுக்குற டைல்ஸ்ல ரப்பர் பாய் போடு. காலோட வேலைக்குப் பதிலா மூக்குக்கு வேலை குடு. தீனிய வீடெல்லாம் ஒளிச்சு வச்சுத் தேடவிடு, காமணி நேரம் மோந்து அலைஞ்சா அதுவே அலுத்துப் படுத்துரும். காலையில தார் சூடாகுறதுக்கு முன்னாடி ஒரு மெதுநடை போதும். இன்னொண்ணு, வயிறு முட்டத் தின்ன ஒடனே ஓடவிடாத. க்ரேட் டேனுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கிற நோய் மத்த சாதியவிட அதிகமா வரும், கவனிக்கலைன்னா மணிக்கணக்குல உசுரு போயிரும். தீனியப் பிரிச்சுப் பிரிச்சு வை.

ஆமா, கால்சியம் டப்பா ஒண்ண அலமாரியில பாத்தேனே வீடியோவுல, சீசரு வளரணும்னா? நெதர்லாந்துல யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்துக்காரன் 1980கள்ல க்ரேட் டேன் குட்டிகளையே வச்சுப் பாத்துட்டான். கால்சியம் மிஞ்சுனா எலும்பு கோணிக்கிரும். பெரிய சாதிக் குட்டிக்குன்னு விக்கிற தீனியில தேவையான கால்சியம் இருக்கு. அந்த டப்பாவ மூடி அப்பறப்படுத்து.

ஒன் சினேகிதன் ஒருத்தன் இன்னொரு நாய் வாங்கச் சொன்னானாமே, தொணைக்கு? நல்ல ரோசனை. இப்ப ஒண்ணு அழுகுது, பொறகு ரெண்டு அழுகும், கீழ்வீட்டுக்காரருக்குக் கச்சேரி. அது ஏங்குறது நாய்க்கில்லடா, ஒனக்கு. இன்னொருத்தன் கூண்டுல போட்டுப் பூட்டச் சொன்னானாம். கூண்டுக்குப் பொறுமையாப் பழகுன குட்டிக்கு அது வீடு. பயந்து கெடக்குற குட்டியத் திணிச்சா கம்பியக் கடிச்சுப் பல்ல ஒடைச்சுக்கிரும். கரண்டு வைக்கிற கழுத்துப்பட்டையப் பத்திப் பேசுனவன் நம்பர மட்டும் எனக்கு அனுப்பு, நான் அவன்கிட்டப் பேசிக்கிறேன்.

நீ இப்பவே கேப்ப, "பழகுற வரைக்கும் ஆபீசுக்குப் போக வேணாமா?"ன்னு. நியாயமான கேள்வி, ஒன் வாயில இருந்து வந்த மொதல் நியாயமான கேள்வி. பழகுற காலத்துல அது அளவு மீறித் தனியாக் கெடந்தா, நீ காலையில கட்டுனது சாயங்காலம் இடிஞ்சுபோகும். ஒங்க கம்பெனியிலதான் வீட்டுல இருந்தே வேலை பாக்கலாமாமே, ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாருங்க. பகல்ல நாயப் பாத்துக்கிற எடம் அங்கிட்டு நெறைய இருக்காமே, தடுப்பூசி முடிஞ்ச பெறகு அதுல ரெண்டு நாள் விடு.

அதவிட நல்ல வழி ஒண்ணு சொல்றேன். கீழ்வீட்டுக்காரர் ரிட்டயர் ஆனவருன்னு சொன்ன, மகன் கனடாவுல. அசோசியேசன் நாய் வளக்கக் கூடாதுன்னு தடுக்க முடியாதுன்னு விலங்குகள் நல வாரியம் 2015லயே சொல்லியாச்சு, அந்தக் காயிதத்த அவரு மூஞ்சியில நீட்டலாம்னு நீ துடிக்கிற. நீட்டாத. சட்டம் ஒம்பக்கம் இருக்கலாம், பகல் பூராம் ஊளையக் கேக்குறது அவரு காதுதான். பைய ஒரு நாள் சாயங்காலம் சீசரக் கூட்டிக்கிட்டு, கையில பால்கோவாவோட போ. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ச் சரக்குன்னு சொல்லு. "மன்னிச்சுக்கோங்க சார், பழக்கிக்கிட்டிருக்கேன்"னு ஒரு வார்த்தை சொல்லு. பெரிய நாய்க்குட்டி காலடியில வந்து மூக்க வச்சா, புகார் எழுதிக் குடுத்த மனுசன் கையே தலையத் தடவும். ரெண்டு வாரத்துல பகல்ல வந்து அரை மணி நேரம் இருந்துட்டுப் போறேன்னு அவரே கேப்பாரு. கேக்கலைன்னா நீ கேளு. சும்மா இருக்குற கெழவன் எவனும் மாட்டேன்னு சொல்ல மாட்டான். நான் அந்தச் சாதிதான், எனக்குத் தெரியும்.

இம்புட்டும் பண்ணியும் அது தன்னையே கடிச்சுக்கிட்டு, தின்னாம, ஒடம்ப வருத்திக்கிட்டா, தாத்தா வைத்தியத்த மூட்டை கட்டிட்டு வேப்பேரி கால்நடைக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. 1903ல ஆரம்பிச்ச கல்லூரி, பெரிய டாக்டருக இருக்காக. மனசுப் பயத்துக்குன்னு நாய்க்கும் மருந்து இருக்கு. டாக்டர் எடை பாத்து, வயசு பாத்துக் குடுக்கணும், மெடிக்கல் கடையில நீயா வாங்கி ஊத்தாத. மருந்து குடுத்தாலும் இந்த அஞ்சு வினாடி, பத்து வினாடிப் பழக்கத்த நிறுத்தக் கூடாது, ரெண்டும் சேந்துதான் வேலை செய்யும். நாய்க்குப் போயி மனசு மாத்திரையான்னு ஊர்ல நாலு பேரு சிரிப்பாக. சிரிக்கிறவன் வீட்டுல தூக்க மாத்திரை டப்பா எங்கன இருக்குன்னு எனக்குத் தெரியும்.

பொங்கலுக்குக் கார்லயே சீசரையும் கூட்டிட்டு வந்துருங்க. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்க நிறுத்தித் தண்ணி காட்டு. வந்து ரெண்டு நாள் கழிச்சு அத எங்ககிட்ட விட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் குத்தாலம் போயிட்டு வாங்க, கல்யாணம் ஆனதுல இருந்து எங்கயும் போகலைன்னு அந்தத் தாயி சொல்லிக்கிட்டிருக்கு. ஆனா நேரா குத்தாலத்துக்குக் கெளம்பிராத. மொதல்ல முக்குக் கடை வரைக்கும் போயிட்டு அஞ்சு நிமிசத்துல திரும்பி வந்து காட்டு. வர்றப்ப எனக்கு வெத்தலை வாங்கிட்டு வா.